பெயரைக் கேட்டவுடன் கொடுத்துவிடலாமா? – ஈ.எஃப்.எஃப். கடந்துவந்த 35 ஆண்டுகள்

சான் பிரான்சிஸ்கோ நகரின் எட்டி தெருவில் 815-ஆம் எண் கட்டடத்தில் இயங்கும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன், 2025 ஜூலை 10 அன்று 35 ஆண்டுகளை நிறைவு செய்தது. ஈ.எஃப்.எஃப். என்று சொன்னால்தான் கணினித் துறையினருக்கும் வழக்கறிஞர்களுக்கும் சட்டென்று விளங்கும். இணையத்தில் பேச்சுரிமைக்கோ தனியுரிமைக்கோ ஆபத்து என்றால் நீதிமன்றப் படியேறும் அமைப்பு அது. 30,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சந்தாவும் நன்கொடையும் அதைத் தாங்கி நிற்கின்றன.

அதன் பணிகளை முழுவதும் சொல்ல ஒரு மலரின் எல்லாப் பக்கங்களும் போதா. இக்கட்டுரை ஒரே ஒரு பகுதியோடு நிற்கிறது: இணையக் கோப்புப் பகிர்வு வழக்குகள். இசை நிறுவனங்களும் சினிமா நிறுவனங்களும் தங்கள் பதிப்புரிமையைக் காக்கப் புறப்பட்டபோது, அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது சாமானிய மனிதரின் பெயரும் முகவரியும். அடுத்து, அவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்ற விவரம். அதை யார் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், நீதிபதி பார்க்காமலே வாங்கிவிடலாமா என்ற கேள்விகளை விடாமல் எழுப்பியது இந்த அமைப்பு.

வழக்கு நடத்தும் அமைப்பின் வரலாறு என்றால் வென்ற வழக்குகளை வரிசையாக அடுக்குவது வழக்கம். ஈ.எஃப்.எஃப். வரலாற்றை அப்படி எழுத முடியாது. பதிப்புரிமையைப் பற்றிய பெரிய வழக்குகளில் அது பலமுறை தோற்றிருக்கிறது. பயனரின் பெயரைக் காப்பதற்கான வழக்குகளில்தான் அதன் வாதங்கள் நிலைத்தன. அந்த வாதங்களே அதன் உண்மையான சொத்து என்பது என் மதிப்பீடு.

தொடக்கம்

1990 மார்ச் 1 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். விளையாட்டுப் புத்தகங்கள் வெளியிடும் நிறுவனம் அது. தொலைபேசி நிறுவனத்திடமிருந்து திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓர் ஆவணத்தைத் தேடி வந்தவர்கள், கணினிகளையும் வெளிவரவிருந்த ஒரு புத்தகத்தின் பிரதிகளையும் அள்ளிச் சென்றார்கள். தேடி வந்த ஆவணம் அங்கே கிடைக்கவில்லை. எடுத்துச் சென்ற கணினி ஒன்றில், நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்திய செய்திப் பலகை இயங்கிக்கொண்டிருந்தது. உரியவர்கள் இன்னும் திறந்து படிக்காத 162 தனிப்பட்ட அஞ்சல்கள் அதில் இருந்தன. அவை படிக்கப்பட்டு, அழிக்கவும் பட்டன.

அதே காலத்தில், வயோமிங் மாநிலத்தில் முன்பு மாட்டுப் பண்ணை நடத்திய ஜான் பெரி பார்லோவைத் தேடி எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் வந்தார். பார்லோ, கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் பாடலாசிரியர். ஆப்பிள் நிறுவனத்தின் மூல நிரல் திருட்டு பற்றி விசாரிக்க வந்த அதிகாரிக்குக் கணினியின் அரிச்சுவடியே தெரியவில்லை. குற்றம் என்னவென்று விசாரிப்பவருக்கே முதலில் விளக்க வேண்டியிருந்தது. இந்த அனுபவத்தைப் பார்லோ எழுதினார். அதைப் படித்த மிட்ச் கபோர், அதாவது லோட்டஸ் 1-2-3 மென்பொருளைத் தந்த கபோர், தன் விமானத்தில் நேரே வயோமிங்குக்கு வந்து இறங்கினார். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தொடக்ககால ஊழியரான ஜான் கில்மோர் மூன்றாமவராகச் சேர்ந்தார். ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக் பண உதவி செய்தார். இப்படித்தான் 1990 ஜூலையில் அமைப்பு பிறந்தது.

முதல் பெரிய வழக்கே அந்த ஆஸ்டின் சோதனை பற்றியது. 1993-இல் நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ், அரசு தவறு செய்தது என்று தீர்ப்பளித்து 50,000 டாலருக்கு மேல் இழப்பீடாகவும், அதற்கு மேல் வழக்குச் செலவையும் கொடுக்கச் சொன்னார். ஏதோ ஒன்றைத் தேடி வந்து, சம்பந்தமே இல்லாத மனிதர்களின் அந்தரங்கத்தை அள்ளிப் போவது என்ற அநியாயம் பின்னால் கோப்புப் பகிர்வு வழக்குகளிலும் வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வந்தது.

இடையில் அமைப்புக்குள்ளேயே ஒரு பிளவு ஏற்பட்டது. மாசசூசெட்ஸில் தொடங்கி வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த ஈ.எஃப்.எஃப்., 1994-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புச் சட்டம் வந்தபோது, அதை முழுதாக எதிர்க்காமல் பேச்சுவார்த்தையில் இறங்கி ஓரளவு திருத்த முயன்றது. உறுப்பினர்களில் பலருக்கு இது பொறுக்கவில்லை. அரசியல் பணியை முன்னின்று நடத்திய ஜெர்ரி பெர்மன் வெளியேறித் தனி அமைப்பு கண்டார். 1995-இல் ஈ.எஃப்.எஃப். சான் பிரான்சிஸ்கோவுக்கே போய்ச் சேர்ந்தது. பேரம் பேசும் வேலையை விட்டு வழக்காடும் வேலையில் ஊன்றியது இந்த இடமாற்றத்துக்குப் பிறகுதான். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

நாப்ஸ்டருக்குப் பின்

1998 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமைச் சட்டம், டி.எம்.சி.ஏ., அதுவரை இருந்த நடைமுறையை மாற்றிப்போட்டது. அடுத்த ஆண்டு ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் நாப்ஸ்டரை வெளியிட்டார். இளைஞர்கள் அதன் வழியே பாடல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். 1999 டிசம்பரில் இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 பிப்ரவரியில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நாப்ஸ்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் அதன் சர்வர் நின்றது. மையச் சர்வர் இல்லாத கஸா, மார்ஃபியஸ், க்ரோக்ஸ்டர் போன்றவை அந்த இடத்துக்கு வந்தன. அவற்றில் பட்டியல் ஓரிடத்தில் இல்லை. பாட்டு ஒரு பயனரின் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராகப் போனது. மூடுவதற்குக் கடை இல்லாதபோது, பகிர்ந்துகொள்பவரையே பிடிப்பது என்று அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. முடிவு செய்தது.

பிடிக்க வேண்டுமானால் பெயர் வேண்டும். வலையில் தெரிவது ஐ.பி. முகவரி என்ற எண்வரிசை மட்டும். அந்த எண் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில் எந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். அதுவும் சந்தா கட்டுபவரின் பெயர்தான். வீட்டில் எந்தப் பிள்ளை கணினியில் உட்கார்ந்திருந்தது, விருந்தாளியா, அடுத்த வீட்டுக்காரரா என்பதைப் பதிவேடு சொல்லாது. நேரக் குறிப்பில் ஒரு மணி பிசகினாலும் வேறொரு குடும்பத்தின் பெயர் வந்து நிற்கும்.

அந்தப் பெயரை வாங்க டி.எம்.சி.ஏ.வின் 512(எச்) பிரிவு ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. நீதிமன்ற எழுத்தரிடம் மூன்று தாள்கள் கொடுத்தால் போதும்: பதிப்புரிமை மீறல் அறிவிப்பின் நகல், விவரத்தை ஒப்படைக்கச் சொல்லும் சப்பீனா ஆணையின் வரைவு, இந்த விவரத்தைப் பதிப்புரிமைக் காப்புக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழி. தாள்கள் முறையாக இருந்தால் எழுத்தர் தாமதிக்காமல் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வழக்கே தொடுக்கத் தேவையில்லை. நீதிபதி அதைப் பார்க்க மாட்டார். பெயர் வெளியே போகப்போகிறது என்று சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் அந்தப் பிரிவில் இல்லை. ஓர் எழுத்தரின் முத்திரையில் ஒரு மனிதரின் அடையாளம் கைமாறிவிடும்.

2002 ஜூலையில் ஆர்.ஐ.ஏ.ஏ. வெரைசன் நிறுவனத்துக்கு இப்படியொரு சப்பீனா அனுப்பியது. கஸா வழியாக ஒரே நாளில் 600-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பகிர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சந்தாதாரரின் பெயர் வேண்டும் என்றது. வெரைசன் மறுத்தது. தொலைபேசி நிறுவனம் ஒன்று வாடிக்கையாளருக்காக இவ்வளவு கறாராக நின்றது அபூர்வம். அதற்குரிய பாராட்டை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். நுகர்வோர் அமைப்புகளோடும் தனியுரிமை அமைப்புகளோடும் சேர்ந்து ஈ.எஃப்.எஃப். நீதிமன்ற நண்பராக மனுச் செய்தது. இந்தக் குறுக்குவழி பதிப்புரிமைக்காரருக்கு மட்டும் பயன்படாது. ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவனும் 'என் படைப்பைத் திருடிவிட்டாள்' என்று மூன்று தாள் நீட்டி அவள் முகவரியை வாங்கிவிட முடியும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதங்களில் முக்கியமானது.

2003 ஜனவரி 21 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிபதி ஜான் பேட்ஸ், பெயரைக் கொடு என்று உத்தரவிட்டார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது தடை உத்தரவு கேட்டும் கிடைக்கவில்லை. ஜூனில் வெரைசன் நான்கு சந்தாதாரர்களின் பெயர்களைக் கையளித்தது. மதகு திறந்ததுபோல் அந்தக் கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சப்பீனாக்கள் பறந்தன. அந்த நாட்களில் ஈ.எஃப்.எஃப். செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நீதிமன்றப் பதிவேடுகளில் இருந்த சப்பீனாக்களைத் திரட்டி, தன் பயனர் பெயரோ ஐ.பி. முகவரியோ அதில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க ஒரு வசதியை இணையத்தில் வைத்தது. சட்டம் முன்கூட்டிச் சொல்லாததை அந்த அமைப்பு சொல்லிவிட்டது.

2003 டிசம்பர் 19 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. தலைமை நீதிபதி டக்ளஸ் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அது. அமர்வில் இருந்த ஜான் ராபர்ட்ஸ் பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. சப்பீனா கேட்க, எதை நீக்க வேண்டும் என்று சொல்லும் அறிவிப்பு கட்டாயம். பாட்டு இருப்பதோ பயனரின் கணினியில். வெரைசன் வெறும் கடத்தி. தன்னிடம் இல்லாததை அதனால் நீக்க முடியாது; ஆகவே அந்த அறிவிப்பும் செல்லாது, சப்பீனாவும் செல்லாது. அந்தரங்கம், பேச்சுரிமை ஆகிய அரசியல் சாசனக் கேள்விகளுக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. வெற்றிதான், ஆனால் சட்டத்தின் வாசக அமைப்பால் கிடைத்த வெற்றி. அதற்குள் கைமாறிய பெயர்கள் கைமாறியவைதான். பெயர் ஒருமுறை வெளியே போய்விட்டால் எந்த மேல்முறையீட்டாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. தடை உத்தரவு ஏன் முக்கியம் என்று இளம் வழக்கறிஞர்களுக்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல வழக்கு கிடைக்காது.

261 பேர்

அந்தத் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பே, 2003 செப்டம்பர் 8 அன்று, ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே நாளில் 261 பேர்மீது வழக்குத் தொடுத்தது. அவர்களில் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் தாய் 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். இன்னொருவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த 66 வயது சிற்பக் கலைஞர். ராப் பாடல்களைக் கஸாவில் பகிர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் வீட்டில் இருந்ததோ மெக்கின்டாஷ் கணினி. கஸா அதில் ஓடாது. வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஐ.பி. முகவரியை வைத்து ஆளைப் பிடிப்பதில் உள்ள ஆபத்தை விளக்க இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

சட்டத்தின்படி ஒரு படைப்புக்குக் குறைந்தபட்சம் 750 டாலர், வேண்டுமென்றே செய்தால் 1,50,000 டாலர் வரை இழப்பீடு. சில நூறு பாட்டு வைத்திருந்த கல்லூரி மாணவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஆகவே பெரும்பாலோர் சில ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். எதிர்த்து நின்றவர்கள் மிகச் சிலர். மினசோட்டாப் பெண் ஒருவர் 24 பாடல்களுக்காக நின்றார்: 2007-இல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர், மறு விசாரணையில் 2009-இல் 19,20,000 டாலர், மூன்றாவது முறை 15 லட்சம், 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி 2,22,000-க்கே கொண்டுவந்து நிறுத்தியது. 24 பாட்டுக்கு இந்தத் தொகை எந்த நியாயத் தராசிலும் நிற்காது.

வெரைசன் தீர்ப்புக்குப் பிறகு ஆர்.ஐ.ஏ.ஏ. வழக்குகளை நிறுத்தவில்லை, வழியை மட்டும் மாற்றிக்கொண்டது. 2004 ஜனவரியிலேயே பெயர் தெரியாத 532 பேர்மீது 'ஜான் டோ' என்று வழக்குப் போட்டு, பிறகு நீதிபதியிடம் அனுமதி வாங்கிப் பெயர் கேட்டது. எழுத்தரின் முத்திரை போய் நீதிபதியின் கண் வந்தது. அந்த ஆண்டே நியூயார்க்கில் சோனி மியூசிக் நிறுவனம் 40 பேர்மீது தொடுத்த வழக்கில் ஈ.எஃப்.எஃப்.பும் பப்ளிக் சிட்டிசன், ஏ.சி.எல்.யூ. அமைப்புகளும் நீதிமன்ற நண்பர்களாக வந்தன. நீதிபதி டென்னி சின் பெயர்களைக் கொடுக்கச் சொன்னார். ஆனால் கேட்டவுடன் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதி வைத்தார். மீறல் நடந்ததற்கு முகாந்திரம் இருக்கிறதா, கேட்பது குறிப்பாக இருக்கிறதா, வேறு வழி இல்லையா, வழக்குக்கு அது அவசியமா, பயனர் எந்த அளவுக்குத் தனியுரிமையை எதிர்பார்க்கலாம் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும் என்றார். கோப்புப் பகிர்வில் பெயர் மறைத்தலுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கொஞ்சமாவது உண்டு என்றும் ஒப்புக்கொண்டார். வழக்கு முடிவைப் பார்த்தால் தோல்வி. ஆனால் அந்த ஐந்து கேள்விகளும் அடுத்தடுத்த நீதிமன்றங்களில் அளவுகோலாக நின்றன.

30,000-க்கும் மேற்பட்டவர்களை இழுத்த பிறகு, 2008 டிசம்பரில் ஆர்.ஐ.ஏ.ஏ. இந்த மொத்த வழக்குத் திட்டத்தைக் கைவிட்டது.

பார்த்தது யார், பார்த்தது என்ன

பெயரோடு பிரச்சினை முடியவில்லை. 2001-இல் ரீப்ளே டிவி என்ற பதிவுக் கருவி மீது ஹாலிவுட் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது, விளம்பரத்தைத் தாண்டிப் போக அது வழி செய்கிறது, நிகழ்ச்சியை நண்பருக்கு அனுப்ப விடுகிறது என்று குறை சொன்னார்கள். 2002-இல் கீழ்நிலை நீதிபதி ஒருவர், வாடிக்கையாளர்கள் எதைப் பதிவு செய்தார்கள், எந்த விளம்பரத்தைத் தவிர்த்தார்கள், எதை யாருக்கு அனுப்பினார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருளை 60 நாளில் எழுதி, விவரத்தை ஒப்படைக்கச் சொன்னார். நிறுவனம் அப்படியொரு விவரத்தைச் சேகரிக்கவே இல்லை. இனிமேல் வேவு பார்த்துக் கொண்டுவா என்பதே உத்தரவு. மாவட்ட நீதிபதி ஃப்ளாரன்ஸ்-மேரி கூப்பர் அதை ரத்து செய்தார். இருக்கும் ஆவணத்தைக் கேட்கலாம், இல்லாத ஆவணத்தை உருவாக்கச் சொல்ல முடியாது என்றார். அந்தக் கருவியை வைத்திருந்த ஐந்து பேர் சார்பில் ஈ.எஃப்.எஃப். தனியாக வழக்காடியது. அவர்களில் ஒருவர் கிரெய்க்ஸ்லிஸ்ட் நிறுவனர் கிரெய்க் நியூமார்க்.

ஐந்தாண்டு கழித்து அதே நீதிபதியிடம், கோப்புகளைத் தேட உதவிய டோரன்ட்ஸ்பை என்ற தளத்தின் வழக்கு வந்தது. பயனர்களின் ஐ.பி. முகவரியைச் சேமிப்பதில்லை என்று பயனர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த தளம் அது. முகவரி சர்வரின் ராம் நினைவகத்தில் சில மணி நேரம் தங்கி மறைந்துவிடும். மறைந்துவிடுகிற அந்த விவரமும் ஆவணம்தான், எடுத்துவை என்றார் கீழ்நிலை நீதிபதி. 2007 ஆகஸ்டில் கூப்பர் அதை ஏற்றார். ஈ.எஃப்.எஃப். எதிர்த்து மனுச் செய்தும் பயனில்லை. டோரன்ட்ஸ்பை தன் பயனர்களைக் காட்டிக்கொடுப்பதைவிட அமெரிக்கப் பயனர்களையே தடுத்துவிடுவது மேல் என்று முடிவெடுத்து, 2008 மார்ச்சில் மூடியும் விட்டது. இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் கருத்து. கணினியில் நடக்கும் எல்லாமே கணநேரமாவது ராம் நினைவகத்தைத் தொட்டுத்தான் போகும். அதை ஆவணம் என்றால், பதிவு வைக்காதிருக்கும் உரிமை யாருக்கும் மிஞ்சாது.

2008 ஜூலையில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. வயாகாம் என்ற ஊடக நிறுவனம் யூடியூப் மீது தொடுத்த வழக்கில் நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன், யூடியூபில் யார் எந்தக் காணொளியை எப்போது பார்த்தார்கள் என்ற முழுப் பதிவையும், பயனர் பெயர், ஐ.பி. முகவரியோடு சேர்த்து வயாகாமிடம் கொடுக்கச் சொன்னார். 12 டெராபைட் அளவு. உலகம் முழுக்க, நம் ஊரில் உட்கார்ந்து பார்த்தவர் உட்பட, எல்லோருடைய பார்வைப் பழக்கமும் அதில் அடக்கம்.

ஈ.எஃப்.எஃப். எடுத்துக்காட்டியது 1988-இன் வீடியோ தனியுரிமைச் சட்டத்தை. அந்தச் சட்டம் பிறந்த விதம் சுவையானது. 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ராபர்ட் போர்க் என்ற நீதிபதி, எந்தெந்தப் படக் கேசட்டுகளை வாடகைக்கு எடுத்தார் என்ற பட்டியலைக் கடையிலிருந்து வாங்கி வாஷிங்டன் வார இதழ் ஒன்று அச்சிட்டது. பட்டியலில் வெட்கப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்று அவருக்கு, நாளை நமக்கு என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதறி, அடுத்த ஆண்டே சட்டம் போட்டார்கள். அதன் எழுத்தும் நோக்கமும் யூடியூப் பதிவுக்கும் பொருந்தும் என்றது ஈ.எஃப்.எஃப். கூச்சல் பெருகவே, இரு நிறுவனங்களும் அதே மாதம் ஓர் உடன்பாட்டுக்கு வந்து பயனர் அடையாளங்களை மறைத்துவிட்டே விவரத்தைப் பரிமாறச் சம்மதித்தன.

க்ரோக்ஸ்டர்

தோல்விகளில் பெரியது க்ரோக்ஸ்டர் வழக்குதான். அதில், மார்ஃபியஸ் மென்பொருளை வெளியிட்ட ஸ்ட்ரீம்காஸ்ட் நிறுவனத்துக்கு ஈ.எஃப்.எஃப். நேரடியாக வக்காலத்து வாங்கியது. வாதத்தை முன்னெடுத்தவர் ஃப்ரெட் வான் லோமன். 1984-இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ பதிவுக் கருவி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தந்த தீர்ப்பே அடித்தளம்: நியாயமான பயன்பாடு கணிசமாக உள்ள கருவியை விற்பவர், வாங்கியவரின் தவறுக்குப் பொறுப்பாக மாட்டார். 2003-இல் மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. 2005 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்கு பூஜ்ஜியம் என்று கவிழ்த்தது. மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு கருவியைப் பரப்பினால் பொறுப்பு உண்டு என்று நீதிபதி சூட்டர் எழுதினார். க்ரோக்ஸ்டர், ஸ்ட்ரீம்காஸ்ட் நிறுவனங்களின் விளம்பரங்களும் உள்கடிதங்களும் நாப்ஸ்டரின் பயனர்களுக்கு வலை வீசியதைக் காட்டின. கட்சிக்காரரின் கை சுத்தமாக இல்லாதபோது கொள்கை மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும்? ஆனால் பீட்டாமேக்ஸ் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூண்டாமல், பொதுவான கருவி செய்பவருக்கு அந்தக் காப்பு இன்றும் இருக்கிறது.

இசைக் கலைஞர்களின் வயிற்றிலடிக்கும் அமைப்பு என்று ஈ.எஃப்.எஃப்.பைச் சிலர் பேசுவதுண்டு. நியாயமற்ற பேச்சு அது. நிறுவனர்களில் ஒருவரே பாட்டெழுதி ராயல்டியில் வாழ்ந்தவர். அவர் எழுதிய குழு, ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தே வளர்ந்தது. 2004-இல் ஈ.எஃப்.எஃப். ஒரு மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்தது: ரசிகர்கள் மாதம் 5 டாலர் போலக் கட்டட்டும், கேட்ட பாட்டின் விகிதத்தில் கலைஞர்களுக்குப் பங்கு போகட்டும், யாரையும் வழக்கில் இழுக்க வேண்டாம். நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. இன்று மாதச் சந்தாவில்தான் உலகம் பாட்டுக் கேட்கிறது. கலைஞர்களுக்குப் போகும் பங்கு போதாது என்ற குறை உண்மையானது; அது தீர வேண்டிய இடம் ஒப்பந்த மேசை.

பதிப்புரிமைக் காப்பு என்ற பெயரில் நிறுவனங்களே வீட்டுக்குள் புகுந்த கதையும் உண்டு. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற ஆய்வாளர், சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட இசைத் தட்டுகள் கணினியில் ரூட்கிட் எனப்படும் மறைமென்பொருளைச் சொல்லாமல் நிறுவுவதை அம்பலப்படுத்தினார். அந்த ஒளிவிடத்தில் வைரஸ் எழுதுபவர்களும் புகுந்தார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய நேர்மையான வாடிக்கையாளர்களுக்குத்தான் பாதிப்பு. ஈ.எஃப்.எஃப். கூட்டு வழக்கில் இறங்கியது. 2006-இல் நிறுவனம் தட்டுகளை மாற்றிக் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது.

மிரட்டிப் பணம் பறித்தவர்கள்

ஆர்.ஐ.ஏ.ஏ. விட்ட இடத்தை 2010 முதல் வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்கர் பெற்ற 'தி ஹர்ட் லாக்கர்' படத்துக்காக ஒரே வழக்கில் 24,000-க்கும் மேற்பட்ட 'ஜான் டோ'க்கள் சேர்க்கப்பட்டார்கள். இவர்களில் மிக மோசமானது பிரெண்டா என்ற சட்ட நிறுவனம். ஆபாசப் படங்களின் பெயரில் வழக்குப் போட்டு, பெயரை வாங்கி, 'ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், பணம் கொடு' என்று கடிதம் அனுப்புவது அதன் தொழில். அந்தப் படங்களைப் பகிர்வுத் தளத்தில் ஏற்றிவைத்ததே அவர்கள்தான் என்பது பிறகு வெளிவந்தது. பெயரைக் கேட்டவுடன் கொடுக்கும் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஈ.எஃப்.எஃப். 2003-இல் எச்சரித்தது பத்தாண்டுக்குள் கண்ணெதிரே நடந்தது. 2013-இல் நீதிபதி ஓட்டிஸ் ரைட் அவர்கள்மீது அபராதம் விதித்தார். 2014 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1,058 பேரை ஒரே கட்டாகக் கட்டி, அவர்கள் அந்த நீதிமன்ற எல்லைக்குள் வசிக்கிறார்களா என்று கூடப் பார்க்காமல் பெயர் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அங்கே சேவை நிறுவனங்களின் பக்கம் ஈ.எஃப்.எஃப். நின்றது. 2019-இல் பிரெண்டா வழக்கறிஞர்களில் ஒருவருக்கு 14 ஆண்டும் இன்னொருவருக்கு 5 ஆண்டும் சிறை.

2012 ஜனவரியில் மெகாஅப்லோட் என்ற கோப்புச் சேமிப்புத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியபோது, ஒஹாயோவில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்து விற்றுவந்த ஒருவரின் சொந்தக் காணொளிகளும் அந்தச் சர்வர்களில் மாட்டிக்கொண்டன. எந்தத் தவறும் செய்யாத அவருக்காக ஈ.எஃப்.எஃப். ஆண்டுக்கணக்கில் வாதாடியது. ஆஸ்டினில் 162 அஞ்சல்களுக்கு நடந்ததேதான் இங்கேயும்.

நம் பக்கமும் இந்த அலை அடித்தது. 2012-இல் '3' திரைப்படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய 'ஜான் டோ' ஆணையை வைத்து, சேவை நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்களையே முழுதாக முடக்கின. அந்தத் தளங்களைப் படிப்புக்கும் தொழிலுக்கும் பயன்படுத்தியவர்களின் குரல் மனு விசாரணையில் இல்லை. சேவை நிறுவனங்கள் முறையிட்ட பிறகு அந்த ஜூனில், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொல்லிவிட்டது. அந்தச் சொல்லை, சந்தாதாரர் விவரம் கேட்டு வரும் ஒவ்வொரு மனுவிலும் நினைவூட்ட வழக்கறிஞர்கள் வேண்டும்.

அமெரிக்காவில் போராட்டம் அதன் பிறகும் ஓயவில்லை. சந்தாதாரர்கள் செய்த மீறலுக்காகக் காக்ஸ் என்ற சேவை நிறுவனம் 100 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஜூரி சொன்னது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. குற்றச்சாட்டு வந்தாலே ஒரு குடும்பத்தின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டுமா என்பதே அதில் அடங்கியிருந்த கேள்வி.

ஈ.எஃப்.எஃப். தன் மனுக்களையும் வாதங்களையும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. தன் எழுத்துகளைப் பெயர் குறிப்பிட்டு யாரும் மறுபதிப்புச் செய்யலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமமும் கொடுத்திருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் அவற்றைப் படியுங்கள். வெரைசன் வழக்கின் மனுக்களிலிருந்து தொடங்கித் தமிழில் கொண்டுவாருங்கள்.